சிறிய அணு, தனி வழி

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தை மறக்காதவர்களுக்கு நினைவிருக்கும்: உப்புக் கரைசலில் சில்வர் நைட்ரேட் விட்டால் தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு வரும். புரோமைடு என்றால் வெளிர் மஞ்சள். அயோடைடு என்றால் நல்ல மஞ்சள். ஃபுளூரைடில் மட்டும் எதுவும் நடக்காது, கரைசல் தெளிவாகவே இருக்கும். கால்சியத்திடமோ எல்லாம் தலைகீழ். கால்சியம் குளோரைடு காற்றின் ஈரத்திலேயே கரைந்துவிடும். கால்சியம் ஃபுளூரைடு தண்ணீரில் ஏறக்குறைய கரையாத கல்.

ஒரே ஹாலஜன் குடும்பத்தில் ஏன் இப்படி? ஃபுளூரின் அணு மிகச் சிறியது. இரண்டே கூடுகளில் ஒன்பது எலெக்ட்ரான்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. இரண்டு ஃபுளூரின் அணுக்கள் இணையும்போது, பிணைப்பில் சேராத எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால், குளோரின் மூலக்கூறுகளைப் பிரிக்க மோலுக்கு 242 கிலோஜூல் தேவைப்பட, ஃபுளூரினுக்கு 158 போதும். ஹைட்ரஜனோடு சேர்ந்துவிட்டாலோ பிரிக்கச் சுமார் 565 கிலோஜூல் வேண்டும். தன் இணையை எளிதில் விடுகிறது. பிறவற்றை விடாமல் பற்றுகிறது. அதன் மூர்க்கம் முழுவதும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

அதைப் பிரித்தெடுக்க முயன்ற பெல்ஜியத்தின் லூயே, பிரான்சின் நிக்லே இருவரும் நச்சு தாக்கி இறந்தார்கள். 1886இல் பாரிஸில் ஆன்ரி முவாசான் வென்றார். பிளாட்டினம் கலனின் மூடிகளை அவர் கால்சியம் ஃபுளூரைடு கல்லில் செய்திருந்தார். ஏற்கெனவே ஃபுளூரினோடு சேர்ந்துவிட்ட கல் என்பதால், அந்த வாயு தாக்க அதில் எதுவும் மிச்சமில்லை!

ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தைப் பாடநூல்கள் வலு குறைந்த அமிலம் என்கின்றன. கணக்குப்படி அது சரி. இறுகிய பிணைப்பால் நீரில் அது முழுதாக அயனியாவதில்லை. ஆனால் அப்படி அயனியாகாத மூலக்கூறுகள்தான் தோலை எளிதில் ஊடுருவி, உடலின் கால்சியத்தைப் பிடித்து, இதயத்தையே நிறுத்தக்கூடியவை. அதனால்தான் இந்த அமிலக் காயத்துக்குக் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவுகிறார்கள்.

கிணற்று நீரின் குணத்திலும் கால்சியத்துக்குப் பங்குண்டு. நீரில் கால்சியம் நிறைந்திருந்தால் ஃபுளூரைடு அதிகம் ஏறாது. சோடியம் பைகார்பனேட் மிகுந்து கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிட்டால், பாறையிலுள்ள ஃபுளூரைடு தாராளமாகக் கரையும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பற்களில் கறை படியலாம். அளவு இன்னும் கூடினால் எலும்பும் மூட்டும் பாதிக்கப்படும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்கள் பட்ட துயரம் இது. காய்ச்சினாலும் ஃபுளூரைடு போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அந்த ஊர்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீரைக் கொண்டுபோக நேர்ந்தது அதனால்தான்.