தேன் மணக்கும் அமிலம்

கார்டன் ரீச் என்றதும் கல்கத்தாத் தமிழர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம். அடுத்தது கப்பல் கட்டும் தளம். எனக்கோ அந்த வட்டாரம் வாசனையாகத்தான் மனதில் நிற்கிறது. மெட்டியாபுரூஜ் கடைகளில் அத்தர் மணக்கும். சோப்புத் தொழிலும் அங்கே பழையது. லீவர் நிறுவனம் 1934இல் நார்த் வெஸ்ட் சோப் கம்பெனியின் கார்டன் ரீச் தொழிற்சாலையை வாடகைக்கு எடுத்து, விரிவுபடுத்தி நடத்தியது.

வாலிப வயதில் அப்பகுதியில் ஒரு சிறிய வாசனைப் பொருள் பட்டறையில் வேலை பார்த்தேன். ஒரு நாள் புதிய டிரம் ஒன்றைத் திறந்தேன். உள்ளே கற்பூரத்தைப் போல வெள்ளைச் செதில்கள். தேன் மணம், அதனுடன் குதிரை லாயத்து நெடியும் கலந்தாற்போல் இருந்தது. தேன்தானே என்ற அலட்சியத்தில் வெறுங்கையால் அள்ளி எடை போட்டேன். வைகாசிப் புழுக்கம், அதே கையால் கண்ணில் வழிந்த வியர்வையைத் துடைத்துவிட்டேன். அப்புறம் கேட்கவா வேண்டும்! திருச்சிக்காரரான ஸ்டோர் கீப்பர் அண்ணன் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், இமையைப் பிரித்துப் பிடித்து, கால் மணி நேரம் தண்ணீர் விட்டார். "வாசனை நல்லாருக்குன்னு நம்பிட்டியே தம்பி, பேருலேயே ஆசிட் இருக்கே, பார்க்கலையா?" என்றார். கண் தப்பியது அவர் புண்ணியம்.

அந்தப் பொருளின் பெயர் ஃபினைல் அசெட்டிக் அமிலம். தரை துடைக்கும் பினாயிலுக்கும் இதற்கும் உறவில்லை. வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் மூலக்கூற்றில் ஒரு பென்சீன் வளையத்தைக் கோத்தால் கிடைப்பது இது. 77 டிகிரி செல்சியஸ் அளவில் உருகும். 265 டிகிரியில் கொதிக்கும். ஒரு லிட்டர் குளிர்ந்த நீரில் சுமார் 15 கிராம்தான் கரையும். ஆல்கஹாலில் நன்றாகக் கரையும். உண்மைத் தேனிலும் இது மிகச் சிறு அளவில் உண்டு. தொழிற்சாலையில் டொலுவீனிலிருந்து படிப்படியாகச் செய்கிறார்கள். இரண்டும் ஒரே மூலக்கூறுதான். ஆகவே இயற்கையா செயற்கையா என்பதை விட, எவ்வளவு என்பதே முக்கியமான கேள்வி.

அளவு மாறினால் மணமே மாறிவிடுகிறது. செறிவாக இருந்தால் மூத்திர நெடி. நீர்த்துப் போனால் இனிய தேன் மணம். அதனால்தான் வாசனைக் கலவை செய்வோர் இதைப் பெரும்பாலும் 10 சதவீதக் கரைசலாக வைத்துக்கொள்கிறார்கள். உணவுச் சுவையூட்டியில் பத்து லட்சத்தில் சில பங்கு போதும். சோப்பில் வேறு சிக்கல்: சோப்பின் காரம் இந்த அமிலத்தை உப்பாக்கிவிடும், உப்பு ஆவியாகாது, மணமும் வராது. எனவே தேன் மணச் சோப்புக்கு எத்தில் ஃபினைல் அசெட்டேட் போன்ற எஸ்டர்கள் உதவுகின்றன.

இதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெனிசிலின் ஜி மூலக்கூற்றின் பக்கச் சங்கிலி இந்த அமிலத்திலிருந்து வருவதுதான். பூஞ்சை வளரும் தொட்டியில் இதை அளவாகச் சேர்த்தால் மருந்து கூடுதலாகக் கிடைக்கும். மறுபக்கம், போதைப் பொருள் செய்வோர் இதைத் தேடுவதால், 1988ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் பட்டியலில் இது இடம்பெற்றது. 2011இல் கடுமையான முதல் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. தொழிலில் இருப்பவர்கள் கணக்குப் புத்தகத்தைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

கையாளும் முறைக்கு வருவோம். முதல் எதிரி தூசி. மூடிய கண்ணாடி, கையுறை, தூசி முகமூடி மூன்றும் வேண்டும். மின்விசிறிக்கு நேரே டிரம்மைத் திறக்கக்கூடாது. உருக்க வேண்டுமானால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்க வேண்டும். அடுப்புத் தீயில் நேராக வைக்கக்கூடாது. சுமார் 132 டிகிரியில் இதன் ஆவி தீப்பற்றும். காரங்களும் ஆக்சிஜனேற்றிகளும் பக்கத்தில் இருக்கலாகாது. சிந்தினால் ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். விளக்குமாற்றால் பெருக்கினால் தூசி கிளம்பும். தோலில் பட்டால் சோப்பும் நீரும் போதும். அமிலமாயிற்றே என்று சோடா உப்பைத் தேய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

இதெல்லாம் பட்டறைக்காரர் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். இன்று நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் சோப்பும் மெழுகுவத்தியும் வீட்டிலேயே செய்கிறார்கள். அவர்களுக்கு மூன்றே வேண்டுகோள். தூளாக வாங்காமல், நீர்த்த கரைசலாக, லேபிளுடன் வாங்குங்கள். மெழுகுவத்திக்கு விற்கும் எசென்சைப் பாயசத்தில் விடாதீர்கள். உணவுத் தரம் வேறு. தேன் மணக்கும் புட்டியைக் குழந்தை தேனென்றே நினைக்கும், ஆகவே உயரத்தில் வையுங்கள்.

மணம் மூக்குக்குச் சொல்லும் செய்தி ஒன்று. லேபிள் கண்ணுக்குச் சொல்வது வேறு. எதையும் திறக்கும் முன் லேபிளைப் படிக்கும் பழக்கம் எனக்கு அந்தக் குழாயடியில்தான் வந்தது. உங்களுக்கு அது படிப்பிலேயே வந்துவிட்டால் நல்லது.