தறி நின்றது... மீட்டர் ஓடியது! ஊரடங்கு கற்றுக்கொடுத்த கரன்ட் பில் கணக்கு

சேலம் அம்மாபேட்டையில் பல தெருக்களுக்குத் தறிச்சத்தம்தான் கடிகாரம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் அந்தச் சத்தம் அடங்கியது. நூல் வரவில்லை, நெய்த சேலையை வாங்க ஆளில்லை. ஆனால், வீட்டுச் சுவரில் இருந்த மீட்டர் முன்பைவிட வேகமாக ஓடியது.

வேலைக்கும் பள்ளிக்கும் போகவேண்டியவர்கள் எல்லோரும் வீட்டிலேயே இருந்தார்கள். கூடவே கத்திரி வெயில். பகலெல்லாம் ஃபேன், டி.வி. என்று வீடு ஓய்வில்லாமல் இயங்கியது.

நாடு முழுக்க நிலைமை நேர்மாறாக இருந்தது. ஆலைகளும் அலுவலகங்களும் மூடியதால், அந்த ஏப்ரலில் இந்தியாவின் மொத்த மின்பயன்பாடு முந்தைய ஆண்டைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தது. ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடங்கள் வீட்டு விளக்குகளை அணைக்கச் சொன்னார் பிரதமர். அப்போது நாட்டின் மின்தேவை சுமார் 31,000 மெகாவாட் சரிந்தது. வீட்டு விளக்குகள் எவ்வளவு மின்சாரம் எடுக்கின்றன என்பது அன்றுதான் பலருக்கும் புரிந்தது.

யூனிட் கொஞ்சம், பில் இரண்டு மடங்கு

இரண்டு மாதங்களுக்கு 400 யூனிட் செலவழிக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் 100 யூனிட் இலவசம் போக, அன்றைய கட்டணப்படி பில் 830 ரூபாய்.

ஊரடங்கில் இரண்டு ஃபேன்கள் தினமும் 8 மணி நேரம் கூடுதலாக ஓடினால், 60 நாளில் 72 யூனிட். டி.வி. 6 மணி நேரம் கூடுதலாக ஓடினால் 36 யூனிட். மொத்தம் 508. இப்போது பில் 1,832 ரூபாய் 80 காசு!

மின்சாரம் கூடியது 27 சதவிகிதம். பில்லோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. காரணம், 500 என்ற கோடு. அதைத் தாண்டினால், தாண்டிய 8 யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. 101-வது யூனிட்டிலிருந்தே கட்டணம் மாறிவிடும்.

இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. ரீடிங் எடுக்க ஆள் வர முடியாததால், முந்தைய பில் தொகையையே கட்டச் சொன்னது மின்வாரியம். பிறகு நான்கு மாத யூனிட்டை இரண்டாகப் பிரித்துக் கணக்கிட்டு, கட்டிய பணத்தைக் கழித்தது. மேலே சொன்ன குடும்பம் நான்கு மாதமும் அப்படியே செலவழித்திருந்தால், 830 போக 2,835 ரூபாய் 60 காசை ஒரே தவணையில் கட்டவேண்டும், அதுவும் கூலி இல்லாத காலத்தில். கழிக்கவேண்டியது பணத்தையா, யூனிட்டையா என்ற கேள்வி சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூலையில் அந்த வழக்கு தள்ளுபடியானது.

நெசவுக் குடும்பங்களுக்குக் கூடுதல் வேதனை ஒன்றும் உண்டு. அன்று விசைத்தறிக்கு இரண்டு மாதங்களுக்கு 750 யூனிட் இலவசம். ஆனால், அது தறிக்கான இணைப்புக்கு மட்டும். தறி நின்றபோது மிஞ்சிய யூனிட்டை வீட்டு மீட்டருக்கு மாற்றிக்கொள்ள வழியில்லை.

தினமும் 8 யூனிட்

2022 செப்டம்பரில் கட்டணங்கள் மாறிவிட்டன. ஆனாலும், 500 கோடு போகவில்லை. கோடை விடுமுறையோ, வீட்டிலிருந்தே வேலையோ, எப்போது எல்லோரும் வீட்டில் இருக்கிறார்களோ, அப்போதெல்லாம் இந்தக் கணக்கு உதவும்.

* தினமும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். நேற்றைய எண்ணைக் கழித்தால் 8-க்குள் இருக்கவேண்டும். 60 நாளுக்கு 480 யூனிட்தான் வரும்.

* பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவுக்குத்தான். தினமும் 16 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினாலே இரண்டு மாதத்தில் 43 யூனிட் மிச்சம்.

* டி.வி.யை ரிமோட்டில் அணைத்தால் போதாது. செட்டாப் பாக்ஸையும் சேர்த்து சுவிட்சில் அணையுங்கள்.

* ரீடிங் எடுக்கும் தேதியை ஈ.பி. கார்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போனால் யூனிட் கூடி, 500-ஐத் தாண்டிவிடலாம்.

2021 இரண்டாவது அலையின்போது, மீட்டரைப் படம் எடுத்து அனுப்பும் வசதியை மின்வாரியமே கொடுத்தது. அதுவரை மீட்டர் பெட்டியைத் திறந்தே பார்க்காத பலரும் அன்றுதான் அந்த எண்களைப் படித்தார்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்!