திட்டியதால் மட்டும்தானா?

மே மாதம் ரிசல்ட் வந்ததும் புதுச்சேரி அரியாங்குப்பத்திலும் உறவுக்காரர்கள் வரிசையாகப் போன் போட்டு, "எவ்வளவு மார்க்?" என்று கேட்பார்கள். பிள்ளைகளின் தற்கொலை என்றாலே நமக்கும் மார்க்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 18 வயதுக்குட்பட்டோர் தற்கொலைக்கு முதல் காரணம் குடும்பப் பிரச்சினை. தேர்வுத் தோல்வி அதற்கு வெகு பின்னால்தான் வருகிறது.

எல்லா வயதினரையும் சேர்த்து, 2022-ல் லட்சம் பேருக்கு இந்தியாவில் 12.4 தற்கொலைகள், புதுச்சேரியில் 29.7. இது நம்மை உலுக்க வேண்டிய எண்.

"செல்போனைப் பிடுங்கித் திட்டினேன், அதுக்கா இப்படி?" என்று பிள்ளையை இழந்த பெற்றோர் கதறுவார்கள். அந்தத் திட்டு கடைசியாக வந்தது, அவ்வளவுதான். அதற்கு முன்பே பல சேர்ந்திருக்கும்: அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்கிற ராத்திரிகள், பள்ளியில் கேலி, யாரிடமும் சொல்ல முடியாத பாலியல் தொல்லை, சோம்பேறித்தனம் என்று நாம் தப்பாக நினைத்த மனச்சோர்வு. குடும்பத்திலோ நண்பர்களிலோ ஒருவர் தற்கொலையால் இறந்திருந்தால் ஆபத்து கூடும். பிள்ளையே முன்பு ஒருமுறை முயன்றிருந்தால் மிக அதிகம். "சும்மா மிரட்டுது" என்று அதை ஒதுக்குவதுதான் எனக்குப் பெரும் பயம்.

வளரிளம் வயதில் வேகம் அதிகம். நின்று யோசிக்கும் திறன் இன்னும் முதிராத பருவம். சாகத் தோன்றும் அந்த நெருக்கடி பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடும். அதனால் மாத்திரைகளையும் மற்ற ஆபத்தான பொருட்களையும் பூட்டி வைப்பதே உயிரைக் காக்கும். அந்த நேரம் பிள்ளையைத் தனியாக விடவும் கூடாது.

சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், நண்பர்களை விட்டு ஒதுங்கி, பிடித்த பொருட்களை எடுத்துக் கொடுத்துவிடுகிற பிள்ளையிடம், "செத்துடலாம்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த நினைப்பை நாமே ஊட்டிவிடுவோம் என்பது தப்பு. கேட்டபின் அறிவுரை வேண்டாம். பிள்ளை பேசி முடிக்கட்டும்.

போலீஸ் கேஸ் ஆகுமே என்று பயந்து சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். 2017-ம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, தண்டனையிலிருந்து காக்கிறது. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐப் பிள்ளைகள் தாங்களே அழைக்கலாம்.