சிசேரியனுக்குப் பின் அருந்தும் மூலிகைக் கஷாயங்கள்

சிசேரியன் எனப்படும் அறுவைப் பிரசவம் முடிந்த பாலூட்டும் தாய்மார்க்கு, வயிற்று உப்புசம், மலச்சிக்கல், உடல்வலி ஆகியவற்றைத் தணிக்கவும் பால் சுரப்பைக் கூட்டவும் சுக்கு, ஓமம், சீரகம், வெந்தயம் முதலியவற்றைக் காய்ச்சிக் கொடுப்பது தமிழ்நாட்டில் பரவலாக உள்ள வழக்கம். சமையலறைப் பொருள்களால் செய்த நீர்த்த கஷாயம் அளவோடு குடிக்கும்போது பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அது மருத்துவர் கொடுத்த வலி மாத்திரைக்கு மாற்று ஆகாது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்தை மட்டும் நம்புவதும், ஆபத்தின் அறிகுறிகளைக் கஷாயம் கொடுத்துப் பார்ப்பதும்தான் தாய்க்குத் தீங்காக முடிகின்றன.

பின்னணி

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் அறுவை மூலம் நடக்கும் பிரசவங்கள் 2015-16இல் 34.1 விழுக்காடாக இருந்து 2019-21இல் 44.9 விழுக்காடாக உயர்ந்தன. அதே 2019-21இல் இந்திய அளவு 21.5 விழுக்காடு. சுகப்பிரசவத்தை மனத்தில் கொண்டு உருவான பத்தியமும் பிரசவ மருந்தும் இன்று வயிற்றில் தையலோடு வீடு திரும்பும் தாய்க்கும் அப்படியே பின்பற்றப்படுகின்றன.

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளில் மீனவர், துறைமுகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அதிகம். இப்பகுதி மக்கள் பிரசவத்துக்கு நாடும் பெரிய அரசு நிலையங்களுள் ஒன்று, ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு ராஜா சர் ராமசாமி முதலியார் மகப்பேறு மருத்துவமனை. மருத்துவமனையில் இருக்கும் வரை செவிலியர் நேரம் பார்த்து மாத்திரை கொடுப்பர். வீட்டுக்கு வந்தபின் தாயின் கவனிப்பு அம்மா, மாமியார், பாட்டி ஆகியோர் கைக்குப் போகிறது. மாத்திரையா கஷாயமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது.

மூலிகை மருந்தை அரசு மருத்துவமனைகளும் முற்றாக ஒதுக்கவில்லை. 2015இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தின் 16 பொருள்களுள் தாய்க்கான சௌபாக்கிய சுண்டி லேகியமும் ஒன்று. சுண்டி என்பது சுக்கின் வடமொழிப் பெயர்.

வகைகள்

பொருளைக் கொதிநீரில் சில நிமிடம் ஊறவைத்து வடிப்பது மூலிகைத் தேநீர். நீர் பாதியாகவோ கால் பங்காகவோ சுண்டும்வரை காய்ச்சுவது கஷாயம். சித்த மருத்துவத்தில் இதைக் குடிநீர் என்பர். பொடி, வெல்லம், நெய் சேர்த்துக் கிண்டுவது லேகியம். தேநீரைவிடக் கஷாயத்திலும், கஷாயத்தைவிட லேகியத்திலும் சரக்கின் செறிவு பொதுவாக அதிகம். ஆகவே தேநீரைப் பற்றிச் சொல்லும் பாதுகாப்பு லேகியத்துக்கு அப்படியே பொருந்தாது.

அறுவைக்குப் பின் வரும் தொல்லைகள்

அறுவையின்போது குடலின் இயக்கம் தற்காலிகமாக மந்தமாகிறது. அதனால் வயிறு உப்பி, வாயு வலி உண்டாகிறது. தையல் உள்ள இடத்தில் வலி இருக்கும். குழந்தை பால் குடிக்கும்போது ஆக்சிடோசின் என்ற இயக்குநீர் சுரந்து கருப்பை சுருங்குவதால் அடிவயிற்றில் பிடிப்பு வரும். இவற்றுள் வாயுத் தொல்லைக்குச் சூடான பானமும் நடையும் ஓரளவு உதவும். தையல் வலிக்குக் கஷாயத்தால் பெரிய பயன் இல்லை.

பச்சை உடம்புக்காரி தண்ணீர் குடித்தால் தையலில் சீழ் பிடிக்கும் என்று சில வீடுகளில் தண்ணீரைக் குறைப்பார்கள். இது தவறு. தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் கூடும். முக்கும்போது தையல் வலி மேலும் கூடும். தண்ணீர் தர அஞ்சும் வீட்டில் வெதுவெதுப்பான சீரகத் தண்ணீரைத் தடையின்றிக் கொடுப்பார்கள். கஷாயத்தின் பெரிய நன்மை பல வேளைகளில் அதிலுள்ள தண்ணீரே.

பொருள்களும் அவற்றின் இயல்பும்

சுக்கு: குமட்டலைக் குறைக்கும். தாய்லாந்தில் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வில், பிரசவித்த தாய்மார்க்கு நாளுக்கு 2 வேளை 500 மில்லிகிராம் உலர் இஞ்சி கொடுத்தபோது 3ஆம் நாளில் பால் அளவு கூடியிருந்தது. 7ஆம் நாளில் வேறுபாடு இல்லை. இரத்தம் உறையாமலிருக்க ஊசி அல்லது மாத்திரை பெறுபவர்கள் மிகையான அளவைத் தவிர்க்க வேண்டும்.

சீரகம், ஓமம்: வாயுத் தொல்லைக்கு நெடுங்காலமாகப் பயன்படுவன. சமையலில் சேர்க்கும் அளவில் கஷாயமாகக் குடிக்கலாம்.

வெந்தயம்: பால் பெருக்கும் என்று உலகின் பல பகுதிகளிலும் நம்பப்படுவது. ஆய்வு முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. இது இரத்தச் சர்க்கரையைக் குறைக்கக்கூடும். ஆகவே நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும். நிலக்கடலை, கொண்டைக்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு வெந்தயமும் ஒவ்வாமல் போகலாம். தாயின் வியர்வையிலும் குழந்தையின் சிறுநீரிலும் இனிப்பான மணம் வரலாம்.

பெருஞ்சீரகம் (சோம்பு): சிறிதளவு தீங்கில்லை. இத்தாலியில் 1994இல் பதிவான நிகழ்வில், அதிமதுரம், பெருஞ்சீரகம் முதலியன கலந்த தேநீரை நாளுக்கு 2 லிட்டருக்கு மேல் குடித்த இரு தாய்மாரின் பச்சிளங்குழந்தைகள் சோர்ந்து, பால் குடிக்கச் சக்தியின்றி வாந்தி எடுத்தன. தேநீர் நின்றபின் தேறின.

அதிமதுரம்: தொடர்ந்து எடுத்தால் இரத்த அழுத்தத்தை உயர்த்தி, உடலில் பொட்டாசியத்தைக் குறைக்கும். கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் இருந்ததால் சிசேரியன் செய்துகொண்டவர்கள் இதை முற்றிலும் தவிர்க்க வேண்டும்.

செடிகள் பால் சுரப்பைக் குறைக்கவும் கூடும். மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்ற தமிழ் வழக்கை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆராய்ந்து, அதில் உண்மை உண்டு என்று 1988இல் வெளியிட்டது. ஆகவே மூலிகை என்றாலே ஒன்றும் செய்யாது என்று எண்ணுவதும் சரியன்று.

வலி மாத்திரையும் தாய்ப்பாலும்

மாத்திரை பாலில் இறங்கிக் குழந்தையைக் கெடுக்கும் என்ற அச்சத்தில் பல தாய்மார் வலியைப் பொறுத்துக்கொள்கிறார்கள். சிசேரியனுக்குப் பின் வழக்கமாகத் தரப்படும் பாராசிட்டமால், இப்யூபுரூபன் ஆகியவை தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே செல்கின்றன. மருத்துவர் சொன்ன அளவில் எடுத்தால் பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை. கோடீன், டிரமடால் ஆகிய இரண்டையும் பாலூட்டும்போது தவிர்க்குமாறு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017இல் எச்சரித்தது. எனவே எந்த மாத்திரை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்துக் கடையில் தானாக வாங்கக் கூடாது.

கடும் வலியும் மனக்கலக்கமும் பால் இறங்குவதைத் தடுக்கின்றன. வலி தணிந்த தாய் குழந்தையை வசதியாக மடியில் வைத்து அடிக்கடி பால் கொடுக்கிறாள். பால் ஊறுவதற்கு அதுவே முதன்மையான தூண்டல். பாலுக்காக மாத்திரையை நிறுத்துவது பாலையே குறைத்துவிடலாம். சிசேரியனுக்குப் பின் பால் பெருகச் சற்றுத் தாமதமாவது இயல்பு. அதுவரை சொட்டுச் சொட்டாக வரும் சீம்பால் குழந்தைக்குப் போதுமானது.

கஷாயத்தைக் குழந்தைக்கு ஒரு சங்குகூடப் புகட்டக் கூடாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வசம்பு உரைத்துக் கொடுப்பதற்கும் இது பொருந்தும்.

வாங்குதலும் தரமும்

பூங்கா நகர் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. கடையில் பிரசவ மருந்து என்று பல சரக்குகளைச் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டித் தரும்போது அதில் என்னென்ன இருக்கின்றன என்று கேட்டுத் தனித்தனியாக வாங்குவது நல்லது. லேகியம் வாங்கினால் உரிம எண், தயாரித்த நாள் அச்சிட்டிருக்க வேண்டும். இணையம் வழி வாங்கிய 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்ததைக் கண்டது. பற்பம், செந்தூரம் போன்றவற்றைச் சித்த மருத்துவர் பார்க்காமல் எடுக்கக் கூடாது. சென்னை அரும்பாக்கத்திலுள்ள அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனையில் சித்த மருத்துவரிடம் கேட்கலாம்.

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பது பலமுறை பதிவாகியுள்ளது. ஆலை ஓரத்திலும் கழிமுகக் கரையிலும் வளரும் கீரை, மூலிகைகளைப் பறித்துக் கஷாயம் வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

எளிய முறை

மருத்துவர் நீராகாரம் குடிக்க அனுமதித்த பிறகே தொடங்க வேண்டும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி சீரகம், ஒரு சிட்டிகை சுக்குத்தூள் போட்டு 5 நிமிடம் கொதிக்கவைத்து வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடிக்கலாம். நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு டம்ளர் போதும். கர்ப்ப காலச் சர்க்கரை இருந்தவர்கள் கருப்பட்டி, வெல்லம் சேர்க்கக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு புதிய பொருளை மட்டும் சேர்த்தால், தாய்க்கோ குழந்தைக்கோ ஒவ்வாமை வந்தால் காரணம் தெரியும். என்ன குடிக்கிறோம் என்பதை மருத்துவரிடமும் செவிலியரிடமும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

கஷாயம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாதவை

காய்ச்சல், குளிர் நடுக்கம். தையல் சிவந்து வீங்குதல், சீழ், துர்நாற்றம். ஒரு மணி நேரத்தில் ஒரு பட்டை நனையும் அளவுக்கு இரத்தப்போக்கு. ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி. வயிறு கல்போல் உப்பி வாந்தியோடு வாயு பிரியாமை. குழந்தை பால் குடிக்காமல் அயர்ந்தே கிடத்தல் ஆகியவை கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தலைவலியைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். வழக்கமாக நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுப் படுக்கவைப்பார்கள். பிரசவமான 6 வாரத்துக்குள் வரும் கடுமையான தலைவலி, முதுகில் போட்ட மயக்க ஊசியாலும் வரலாம். உயர் இரத்த அழுத்தத்தாலும் வரலாம். பார்வை மங்குதல், மேல்வயிற்று வலி ஆகியவை சேர்ந்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. அதேபோல் காய்ச்சலுக்கு நிலவேம்புக் குடிநீர் கொடுத்து ஓரிரு நாள் பார்ப்பது கருப்பையில் பரவும் நோய்த்தொற்றை வளரவிடும்.

அவசரத்துக்கு 108 ஆம்புலன்சையும், ஆலோசனைக்கு 104 மருத்துவ உதவி எண்ணையும் கட்டணமின்றி அழைக்கலாம்.