சிறுநீரகம் கெட்டால் தைராய்டும் கெடுமா?

நாட்பட்ட சிறுநீரக நோயில் சோர்வு, குளிர் தாங்காமை, முகவீக்கம் எல்லாம் வரும். தைராய்டு சுரப்பி குன்றினாலும் இதே தொல்லைகள்தாம். எது எதனால் என்று எப்படிப் பிரித்தறிவது?

தைராய்டு பெரும்பாலும் சுரப்பது டி-4 என்னும் தைராக்சின். அதன் மூலக்கூறில் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. வெளி வளையத்திலிருந்து ஓர் அணு கழன்றால் வீரியம் மிக்க டி-3 கிடைக்கிறது. உள் வளையத்தில் கழன்றாலோ, வெறும் சக்கை! (ஓர் அணுவின் இடத்துக்கு இத்தனை மதிப்பு.) அணுவைக் கழற்றும் நொதிகள் கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் உள்ளன. சிறுநீரகம் பழுதுபட்டால் இம்மாற்றம் குன்றி, இரத்தத்தில் டி-3 குறைகிறது. சுரப்பி நலமாகவே இருக்கலாம். எனவே டி-3 குறைவை மட்டும் கண்டு தைராய்டு மாத்திரை கொடுப்பது சரியன்று. பிட்யூட்டரி சுரக்கும் டி.எஸ்.எச். தெளிவாக உயர்ந்து, டி-4ம் குறைந்திருந்தால்தான் சுரப்பியே பழுது என்று கொள்ளலாம்.

உணவில் வரும் அயோடினில் சுமார் 90 சதவீதம் சிறுநீரில் வெளியேற வேண்டியது. சிறுநீரகம் தளர்ந்தால் அது உடலில் தேங்கும். அயோடின் மிகுந்தால் சுரப்பி தன் உற்பத்தியைத் தாற்காலிகமாகக் குறைத்துக்கொள்வதை 1948இல் உல்ஃப், சைக்காஃப் இருவரும் எலிகளில் கண்டனர்.

இதன் மறுபக்கமும் உண்டு. தைராய்டு குன்றினால் இதயம் இறைக்கும் இரத்தம் குறைந்து, சிறுநீரக வடிகட்டலும் குறையும், கிரியாட்டினின் உயரும். தைராக்சின் கொடுத்ததும் பலருக்கு அது இறங்கிவிடுகிறது.