நம் கல்லூரிக்கு ஒரு வானொலி

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீஞ்சூரில் மின்சாரமும் கைப்பேசியும் ஓய்ந்துவிட, வீட்டில் எஞ்சியது பேட்டரியில் பேசும் பழைய வானொலிப் பெட்டி ஒன்றே. ஆனால் எங்கள் தெருவைப் பற்றி அதில் பேச யார் இருக்கிறார்கள்?

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகம் 2004 பிப்ரவரி 1 அன்று 'அண்ணா எஃப்.எம்.' தொடங்கியது. நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி அதுவே. இத்தகைய நிலையங்களுக்கு 100 வாட் ஆற்றலுக்கே உரிமம். அக்குரல் மீஞ்சூரை எட்டுவதில்லை. நாமே ஒன்று தொடங்கினால் என்ன?

தொடங்கலாம், நண்பர்களே. அதற்கான நெறிமுறைகளின்படி தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கல்லூரி உள்துறையின் அனுமதிக்குத் தனியே காத்திருக்க வேண்டியதில்லை. (நமக்கும் ஒரு சலுகை கிட்டியிருக்கிறதே!) அலைவரிசை ஒதுக்கப்பட்டதும் இசைவுக் கடிதம், பின்னர் ஒப்பந்தம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும். ஒலிபரப்பியவற்றை 3 மாதம் பாதுகாக்க வேண்டும்.

சிக்கல் செய்தியில்தான். சொந்தமாகச் செய்தி வாசிக்க இயலாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் தரலாம். வானிலை, குடிநீர், மின்தடை, பேரிடர், தேர்வு, வேலைவாய்ப்பு அறிவிப்புகளோ செய்தியாகக் கருதப்படா. ஆகவே, அதே டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை எச்சரிக்கையாகச் சொல்லியிருக்கலாம். யார் விட்ட எண்ணெய் என்று ஆராய்ந்து சொல்லியிருக்க முடியாது. எனக்கு இது குறையாகவே படுகிறது. எனினும் 'ஆற்றில் இறங்காதீர்கள்' என்ற ஒரு வரியைக் கேட்டிருந்தாலும், இறால் தடவப் போன என் தாயார் அன்று முழங்கால்வரை கருமையுடன் திரும்பியிருக்க மாட்டார்.