முதல் வகுப்பில் படிப்புத்திறன்: எழுத்தும் அசையும்

தமிழ்த்துறைகளில் நிகழும் ஆய்வுகள் பெரும்பாலும் சங்க இலக்கியம், காப்பியம், இலக்கணம், கல்வெட்டு என்னும் எல்லைகளுள் அடங்குவன. ஆறு வயதுக் குழந்தை முதன்முதலாக ஒரு சொல்லைக் கூட்டிப் படிக்கும் நிகழ்ச்சி அவ்வெல்லைக்குள் இடம் பெறுவதில்லை. அது தொடக்கப்பள்ளி ஆசிரியரின் பொறுப்பு என்று ஒதுக்கப்படுகின்றது. ஆயினும் இலக்கணம் கற்றார் கூர்ந்து நோக்குவராயின், எழுத்திலக்கணமும் யாப்பிலக்கணமும் ஒருங்கே செயற்படும் களம் அந்நிகழ்ச்சியே என்பதை உணர்வர். முதல் வகுப்பில் படிக்கக் கல்லாத குழந்தைக்குப் பின்னர் வரும் கணக்கும் அறிவியலும் திறவாத நூல்களாகவே நின்றுவிடும்.

கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்விடர் பெரிதும் வெளிப்பட்டது. அவ்விழப்பை ஈடுசெய்யத் தமிழ்நாட்டரசு 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி'யையும், 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்கென 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் தொடங்கியது. இத்தகைய முயற்சிகளுக்குத் தமிழிலக்கணம் எவ்வாறு துணை நிற்கும் என்பதை ஈண்டு ஆராய்வோம். படிக்கத் தொடங்கும் குழந்தைக்குத் தனியெழுத்தினும் அசையே ஏற்ற அலகு என்பதும், அவ்வலகைக் கண்ணுக்குப் பழக்குவது பள்ளியின் கடன், செவிக்குப் பழக்குவது வீட்டின் கடன் என்பதும் எம் கருத்து.

1. எழுத்தின் தொகை

தமிழ் எழுத்து 247 என்பது பலர் கூறும் கணக்கு. அத்தொகையே பெற்றோரை மலைக்கச் செய்கின்றது. தொல்காப்பியர் எழுத்து முப்பது என்று வரையறுத்து, சார்ந்து வருவன மூன்றனை வேறாக எண்ணினார். உயிர்மெய் 216-உம் புதிய எழுத்துகள் அல்ல. மெய்யும் உயிரும் கூடிய கூட்டங்களே. குழந்தை கற்க வேண்டுவன முப்பது எழுத்துகளின் வடிவமும், புள்ளியும், உயிர்க்குறிகளுமே ஆகும்.

எனினும் அக்குறிகள் ஒரே அளவில் எளியன அல்ல. ஆகாரத்தின் கால் மெய்வடிவை மாற்றாமல் பின்னே நிற்கின்றது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் மெய்க்கு முன்னே எழுதப்படுகின்றன. உயிர்மெய்யுள் மெய் முன்னும் உயிர் பின்னுமாக ஒலிக்கும் என்பது தொல்காப்பியர் துணிபு. 'கெ' என்னும் வரிவடிவிலோ உயிரின் குறி முன்னும் மெய் பின்னும் நிற்கின்றன. கண் இடமிருந்து வலம் செல்லச் செவி அதற்கு மாறாகச் செல்ல வேண்டியிருத்தலின் குழந்தை தடுமாறுகின்றது. 'கௌ' என்பதன் இறுதியில் நிற்கும் குறி ளகரம் போலவே தோன்றுதலின் அதனைக் 'கெள' என்று படிப்பதும் இயல்பே. உகர ஊகார வரிசைகளிலோ கு, சு, டு, து, மு என மெய்தோறும் வடிவு வேறுபடுகின்றது.

1978-இல் தமிழ்நாட்டரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் தனிவடிவங்களை நீக்கி ஓரளவு சுமையைக் குறைத்தது. உகர வரிசையைத் தொடவில்லை. ஆகவே கால், மேல்விலங்கு, கொம்பு, பின்னர் உகரம் என்று எளிமையினின்று அருமைக்குச் செல்லும் முறையே தக்கது. நெடுங்கணக்கின் வரிசை அகராதி காண்பதற்கு இன்றியமையாதது. படிப்பைத் தொடங்குவதற்கு அவ்வரிசையே வேண்டுமென்னும் நியதியில்லை. எடுத்துக்காட்டாக ட, ப, ம என்னும் மூன்று வடிவங்களும் புள்ளியும் அறிந்த குழந்தை படம், மடம், பட்டம், மட்டம் என்னும் சொற்களைப் படிக்கும். கால் ஒன்று சேர்ந்தவுடன் பாடம், மாடம் என்பனவும் அதற்கு வசமாகும். குறில் நெடில் வேறுபாட்டால் பொருள் மாறும் என்னும் இலக்கண உண்மையும் அப்பொழுதே விளங்கும்.

2. எழுத்தின் பெயரும் ஒலியும்

தனிமெய்யை உயிரின் துணையின்றி ஒலித்தல் அரிது. ஆதலின் பள்ளிகளில் அதனை இக், இங், இச் என்று இகரம் முற்கூட்டிச் சொல்லித் தருகின்றனர். இலக்கண நூலாரும் கரம், காரம், கான் என்னும் சாரியைகளை எழுத்துகளுக்குக் கூட்டி வழங்கினர். ஆயினும் மகரம் என்பது பெயர் என்பதையும், சொல்லுள் ஒலிப்பது அப்பெயர் அன்று என்பதையும் அவர்கள் மறந்தாரல்லர். குழந்தைக்கு அவ்வேறுபாடு தெரியாது. 'பல்' என்பதனை அது 'ப, இல்' என்று எழுத்துக் கூட்டும். கூட்டியபின் 'பஇல்' என்றோ, உடம்படுமெய் தோன்றப் 'பவில்' என்றோ சொல்லும். குழந்தை கூட்டியது பிழையன்று. கூட்டுவதற்கு ஒலிக்கு மாறாகப் பெயரைக் கொடுத்ததே பிழை.

இதற்குத் தீர்வு எளிது. ஒற்றினை அதற்கு முன் நிற்கும் எழுத்தோடு சேர்த்தே காட்ட வேண்டும். கல், பல், சொல், கால், பால், மீன், தேன் என்பவற்றை ஒரே மூச்சில் ஒலித்துக் காட்டிப் பிறகு ஈற்றொற்றை மட்டும் மாற்றிப் பல், பண், கல், கண் என்று பயிற்றினால், மெய்யின் ஒலி எத்தகையது என்பது குழந்தையின் செவிக்குத் தானே புலனாகும்.

3. அசையே அலகு

ஒற்றினைத் தனியே எண்ணாமல் முன்னெழுத்தோடு அடக்கிக் கொள்வது யாப்பிலக்கணத்தின் வழக்கம். குறில், நெடில், குறிலொற்று, நெடிலொற்று என்னும் நான்கும் நேரசை. குறிலிணை, குறில்நெடில், அவ்விரண்டும் ஒற்றடுத்து வருவன என்னும் நான்கும் நிரையசை. செய்யுளை அளக்க வகுத்த இப்பாகுபாடு படிப்புக்கும் படிநிலை வகுத்துத் தருகின்றது. முதற்படியில் பூ, கை, கல், மீன் என்னும் நேரசைச் சொற்கள். இரண்டாம் படியில் மரம், குடம், நிலா, பலா என்னும் நிரையசைச் சொற்கள். மூன்றாம் படியில் அம்/மா, பட்/டம், பாட்/டி என ஈரசைச் சொற்கள். அதன்பின் தக்/கா/ளி போன்ற மூவசைச் சொற்கள். அசை பிரியும் இடத்தில் சிறு கோடிட்டுக் காட்டினால், 'அ, இம், மா' என்று மூன்று முறை நின்று தடுமாறும் குழந்தை 'அம், மா' என்று இருமுறையில் சொல்லை எய்திவிடும். படிப்புப் பழகியபின் கோட்டினை நீக்கிவிடலாம்.

தொல்காப்பியர் நேர்பு, நிரைபு என மேலும் இரண்டு அசைகளைக் கொண்டார் என்பது ஈண்டு நினையத்தக்கது. பந்து, காடு என்பன நேர்பு. கிணறு, வரகு என்பன நிரைபு. இவற்றின் ஈற்றிலுள்ள உகரம் தன் மாத்திரையில் குறைந்தும் இதழ் குவியாமலும் ஒலிப்பது. 'து', 'டு' என்பவற்றைத் தனியே கற்ற குழந்தை அவற்றை முழு உகரமாகவே ஒலித்துப் 'பந்து' என்பதனை வீட்டில் வழங்கும் சொல்லென்று அறியாது திகைக்கின்றது. எனவே இத்தகைய சொற்களை ஒரு தனிப்படியாக வைத்து, இறுதி உகரத்தை மெல்லென ஒலித்துக் காட்டுதல் வேண்டும்.

வல்லின எழுத்துகளின் நிலையும் இதுவே. 'கடல்', 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' என்னும் நான்கிலும் ககரம் ஒன்றே, ஒலி ஒன்றன்று. முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசையாகவும், இடையில் மெல்லோசையாகவும் மாறும் இவ்வியல்பைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில் விரித்துரைத்துள்ளார். குழந்தைக்கு இவ்விதியைக் கூற வேண்டுவதில்லை. தான் அறிந்த சொல்லில் அது தானே சரியாக ஒலிக்கும். அறியாத சொல்லில்தான் இடர் நேரும். ஆகவே தொடக்கத்தில் படிக்கத் தரும் சொற்கள் குழந்தையின் செவிக்கு முன்பே பழகியவையாக இருத்தல் வேண்டும்.

4. வீட்டின் கடன்

இங்குத்தான் வீடு பள்ளிக்குத் துணையாகின்றது. தமிழ் பேச்சு வழக்கு, எழுத்து வழக்கு என்னும் இரட்டை வழக்குடைய மொழி. வீட்டில் 'வந்துச்சு' என்று கேட்ட குழந்தை நூலில் 'வந்தது' என்று காண்கின்றது. எழுத்துகளைச் சரியாகக் கூட்டியபின்னும் கிடைத்த சொல் தான் அறிந்த சொல்லன்று என்று அது ஐயுறுகின்றது. நூலின் தமிழை நாள்தோறும் காதால் கேட்டிருந்தால் அவ்வையம் எழாது. திண்ணைப் பள்ளிகளில் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் வாய்ப்பாடமாக அமைந்தமையால், ஓலையில் கண்டதைச் செவி முன்பே அறிந்திருந்தது. ஆத்திசூடி நெடுங்கணக்கு வரிசையில் அமைந்தமையால் அதன் அடிகள் எழுத்து வரிசையையும் உடன் நினைவூட்டின. மனப்பாடத்தோடு நின்றது அம்முறையின் குறை. செவி முந்துதல் அதன் நிறை.

பெற்றோர் நாள்தோறும் கால் மணி நேரம் ஒரு சிறு கதையை நூலிலுள்ளவாறே, சொல்லின் கீழ் விரல் வைத்து வாசித்துக் காட்டினால் போதும். பின்னர் அக்கதையைக் குழந்தை தன் பேச்சு மொழியில் திருப்பிச் சொல்லட்டும்; அப்போது இருவழக்கும் இணைகின்றன. படிப்பறியாத பெற்றோரும் இதில் கையற்றவர் அல்லர். கதை சொல்லலாம், விடுகதை போடலாம், குழந்தை படிப்பதைப் பொறுமையுடன் கேட்டு, 'அப்புறம் என்ன ஆயிற்று?' என்று வினவலாம். நாட்காட்டித் தாளும் பேருந்தின் ஊர்ப்பெயர்ப் பலகையும் செலவில்லாப் பாடநூல்கள். குழந்தை தடுமாறும்போது உடனே சொல்லைத் தாமே கூறிவிடாமல், முதல் அசையை மட்டும் எடுத்துக் கொடுத்துக் காத்திருத்தல் நன்று. பிழைபட்ட சொல்லைப் பத்து முறை எழுதச் செய்வது கைக்கு வேலையே அன்றிக் கண்ணுக்குப் பயிற்சி அன்று.

5. பள்ளியின் கடன்

வகுப்பு முழுதும் ஒருங்கே உரக்கப் படித்தல் உற்சாகம் தருவது. ஆனால் படிக்க இயலாத குழந்தையை மறைத்துவிடுவதும் அதுவே. அண்டையிலுள்ளார் குரலைப் பின்பற்றி அக்குழந்தை ஆண்டு முழுதும் கழித்துவிடக் கூடும். கிழமைக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு குழந்தையும் தனித்துப் படிக்கக் கேட்டல் வேண்டும். பாடநூலின் பக்கத்தையே கொடுத்தால் மனப்பாடம் படிப்பாகத் தோன்றும். அதே எழுத்துகளாலான, பாடத்தில் வாராத சொற்களைக் கொடுத்தால் உண்மை விளங்கும். 'பாடம்', 'படம்' என்பவற்றைச் சொல்லும் குழந்தை 'மாடம்' என்பதையும் தானே படிக்குமாயின், அது கற்றது எழுத்து. இல்லையேல் கற்றது பக்கம்.

6. ஆய்வு மாணாக்கர்க்கு

தமிழில் முதுகலையும் முனைவர் பட்டமும் பயில்வார்க்கு ஈண்டு மூன்று பணிகள் உள. முதல் வகுப்புப் பாடநூலின் சொற்களை அசைவகையால் பகுத்து, எளியன முன்னும் அரியன பின்னுமாக அமைந்துள்ளனவா என்று காணுதல் ஒன்று. குழந்தைகள் படிக்கும்போது நேரும் பிழைகளைப் பதிந்து, குறிகளால் வந்தவை, எழுத்தின் பெயரால் வந்தவை, வழக்கு வேறுபாட்டால் வந்தவை என வகைப்படுத்துதல் மற்றொன்று. வட்டாரந்தோறும் குழந்தைகள் பள்ளிக்குக் கொண்டு வரும் சொற்களைத் தொகுத்தல் மூன்றாவது. இவை மூன்றும் இலக்கணப் பயிற்சி உடையாரால் செவ்வையாக நிறைவேறும். தாம் எழுதும் நூல்களை நாளை படிக்கவிருப்போர் இன்று முதல் வகுப்பில் அமர்ந்திருக்கும் அக்குழந்தைகளே என்பதைத் தமிழ்த்துறையினர் நினைவிற் கொள்வாராக.